ஆயில் போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது

(வாசகர் கேள்வி – பதில்)

மேலே மழை பிடிப்பதற்கு முன் ஏ.டி.வி. வண்டிகளுக்கு ஆயில் மாற்றிவிடுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். மாற்றப் போன இடத்தில் மாட்டிக்கொண்டவர்களின் கடிதங்கள்தான் இந்த முறை நிறைய. கம்பம், போடியிலிருந்து வந்தவை சில, எல்லை தாண்டி இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டங்களிலும் ரிசார்ட்டுகளிலும் வேலை பார்க்கிற நம்ம ஆட்கள் எழுதியவை மிச்சம். ஏ.டி.வி.யைப் பார்த்திராதவர்களுக்கு: பைக் மாதிரி ஹேண்டில்பார், கால் போட்டு உட்காரும் சீட், தடியான நாலு டயர், ஜீப் நுழையாத தோட்டத்துப் பாதையிலும் ஏறுகிற வண்டி. அதன் என்ஜினுக்கு அடியில் பழைய ஆயிலை இறக்கிவிட ஒரு போல்ட் இருக்கும். எல்லாக் கடிதமும் அந்த ஒரு போல்ட்டைப் பற்றித்தான்.

கேள்வி: அண்ணே, எனக்குச் சொந்த ஊர் கம்பம். கம்பமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் வேலை. உர மூட்டை, மருந்து அடிக்கிற பம்பு, ஓஸ் எல்லாம் ஏற்றிப்போக முதலாளி ஒரு பழைய 125 சி.சி. ஏ.டி.வி. வைத்திருக்கிறார். ஆயில் மாற்றுவது நான்தான். போன தடவை மாற்றியதிலிருந்து போல்ட் ஓரம் கசிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். போன வாரம் ஸ்பானரில் குழாயைச் சொருகி ஒரு இழுப்பு இழுத்தேன், சட்டென்று லேசாகிவிட்டது. இப்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் சும்மா சுற்றுகிறது, இறுகவும் இல்லை, கழன்று வரவும் இல்லை. உள்ளே ஆயில் அப்படியே இருக்கிறது. ஒரு மெக்கானிக் என்ஜின் கேஸையே மாற்றணும் என்கிறார். இன்னொருத்தர் எம்-சீல் வைத்து அடைத்துவிடு என்கிறார். முதலாளி என்னைத்தான் கேட்கிறார். என்ன செய்யட்டும்?
— கம்பமெட்டு வாசகர்

பதில்: தம்பி, முதலில் அந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். ஷெட்டை விட்டு வெளியே எடுக்க வேண்டுமென்றாலும் நியூட்ரலில் போட்டுக் கையால் தள்ளுங்கள். போல்ட்டுக்கு இப்போது பிடிப்பு இல்லை. என்ஜின் அதிர்வில் எந்த நேரமும் விழலாம், விழுந்தால் உள்ளே இருக்கிற ஆயில் மொத்தமும் நீங்கள் கவனிப்பதற்குள் தரைக்கு வந்துவிடும். ஆயில் இல்லாமல் ஓடுகிற என்ஜினில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்பிடிக்க ரொம்ப நேரம் ஆகாது. இப்போதைக்கு உங்களுக்குப் போயிருப்பது ஒரு ஓட்டையின் மரை மட்டும்தான், அது சரிசெய்யக்கூடிய விஷயம். கேஸ் மாற்றச் சொன்னவர் சொன்னது கடைசி வழி, அதை முதல் வழியாகச் சொல்லிவிட்டார். அந்த இடத்தைச் சுற்றிக் கேஸ் விரிசல் விட்டிருந்தால் ஒழிய அதற்குத் தேவை வராது.

இனி போல்ட்டை வெளியே எடுக்க வேண்டும். சும்மா சுற்றுகிற போல்ட் தானாக வராது, ஏனென்றால் அதை வெளியே தள்ளுவதே மரைதான், அந்த மரை இப்போது இல்லை. அதனால் ஸ்பானரால் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே, இன்னொரு கையால் போல்ட் தலைக்கும் கேஸுக்கும் நடுவே தட்டையான ஒரு ஸ்க்ரூ டிரைவரை விட்டு மெதுவாகக் கீழ்ப்பக்கம் நெம்புங்கள். மிச்சமிருக்கிற ஒன்றிரண்டு மரையில் அது பிடித்து ஏறி வந்துவிடும். நெம்பும்போது ஸ்க்ரூ டிரைவர் நுனி கேஸில் நேராக அழுந்தக் கூடாது, நடுவில் மெல்லிய தகரத் துண்டு ஒன்றை வையுங்கள். வாஷர் உட்காருகிற அந்த வழவழப்பான முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும், பிறகு மரையை எவ்வளவு நன்றாகப் போட்டாலும் ஆயில் அந்தக் கீறல் வழியாகக் கசியும்.

போல்ட் கைக்கு வந்ததும் அதைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். அதன் மரையில் வெள்ளி நிறத்தில் ஸ்பிரிங் மாதிரி சுருள் சுற்றிக்கொண்டு வந்திருந்தால் அது கேஸின் அலுமினிய மரை, பிய்ந்து வந்திருக்கிறது. அப்படி எதுவும் இல்லாமல், போல்ட்டின் மரையே மழுங்கிப்போய், விரலை விட்டுத் தடவினால் ஓட்டைக்குள் மரை கூர்மையாகத் தட்டுப்பட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம், புதுப் போல்ட்டும் புது வாஷரும் போட்டு வேலையை முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் போயிருப்பது கேஸின் மரைதான். போல்ட் இரும்பு, கேஸ் அலுமினியம், குழாய் போட்டு இழுத்தால் விட்டுக்கொடுப்பது அலுமினியமாகத்தான் இருக்கும்.

ஏன் இப்படி ஆனது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது புரியாமல் மரையை மட்டும் சரிசெய்தால் அடுத்த வருஷம் இதே கடிதத்தை மறுபடியும் எழுதுவீர்கள். ஆயில் கசியாமல் தடுப்பது மரை இல்லை, வாஷர். போல்ட் தலைக்கும் கேஸுக்கும் நடுவில் செம்பிலோ அலுமினியத்திலோ ஒரு மெல்லிய வளையம் இருக்கும். இறுக்கும்போது அது லேசாக நசுங்கி, ரெண்டு பக்கத்து மேடு பள்ளத்திலும் படிந்து அடைத்துக்கொள்ளும். ஒரு முறை நசுங்கியது இறுகிப்போய்விடும், அடுத்த முறை அதே மாதிரி படியாது. சில ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான்தான், ஆனாலும் பழையதையே திரும்பத் திரும்பப் போடுகிறோம், லேசாகக் கசிகிறது, கசிகிறதே என்று இறுக்குகிறோம். உங்கள் வண்டியில் ஒவ்வொரு வாரமும் நடந்தது இதுதான். கசிந்தது வாஷர், தண்டனை மரைக்கு.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இந்த அளவு என்ஜின்களில் 12 மி.மீ. போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் ஒட்டித்தான் கொடுத்திருப்பார்கள், உங்கள் வண்டியின் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். 25 என்றால் 20 செ.மீ. நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 12, 13 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருகிற முறுக்கு, அவ்வளவுதான். நீங்கள் 60 செ.மீ. குழாயைச் சொருகி 40 கிலோ பலத்தில் இழுத்திருந்தால் அது 235 நியூட்டன் மீட்டர், தேவையைப் போல ஒன்பது மடங்குக்கு மேல். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி, ஆயில் போல்ட்டைப் பூட்டும்போது ஸ்பானரின் வாலைப் பிடிக்கவே விடமாட்டார். தலைக்குப் பக்கத்தில் நடுப்பகுதியில் பிடி, மணிக்கட்டால் இறுக்கு, தோளைக் கொண்டுவராதே என்பார். முறுக்கை அளந்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச் வாங்க முடிந்தால் வாங்குங்கள், முடியாத இடத்தில் இந்தப் பழக்கம் கேஸைக் காப்பாற்றும்.

சரி, இப்போது ரிப்பேருக்கு வருவோம். உங்கள் மாதிரி படுக்கை வாட்டத்து 110, 125 சி.சி. என்ஜின்களில் வழக்கமாக வருவது 12 மி.மீ., 1.5 பிட்ச் (மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி), 17 ஸ்பானர் பிடிக்கிற போல்ட். கடைக்குப் போகும்போது பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோய் அளந்து உறுதி பண்ணிக்கொள்ளுங்கள். அப்புறம் ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டு ஆழம் பாருங்கள். சில கேஸில் மரை ஆழமாக இருக்கும், பழைய போல்ட் பாதி வரைதான் போயிருக்கும், உள்பாதி மரை புதுசு மாதிரி மிச்சம் இருக்கும். அப்படியென்றால் நாலைந்து மி.மீ. நீளம் கூடிய போல்ட் போட்டாலே பிடித்துக்கொள்ளும். ஆனால் நுனி உள்ளே எதிலும் முட்டக் கூடாது, கையால் முழுசாகத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொட வேண்டும்.

அது இல்லையென்றால் ஓட்டையைப் பெரிதாக்கி 14 மி.மீ., 1.5 பிட்ச் மரை போடலாம். 12.5 டிரில், 14 டேப் (ஓட்டைக்குள் மரை வெட்டுகிற கருவி). இந்த அளவு ஆயில் போல்ட் கார்களில் சாதாரணமாக வருகிறது, அதனால் போல்ட்டும் வாஷரும் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். செலவு குறைந்த வழி. ஆனால் புதிதாகப் போடுகிற மரையும் அதே அலுமினியத்தில்தான் இருக்கும், இன்னொருத்தர் வந்து குழாய் போட்டு இழுத்தால் அதுவும் போகும்.

ஹெலிகாயில் என்று இன்னொன்று. ஸ்டெயின்லெஸ் கம்பியில் செய்த சுருள், அதற்கென்று தனி டேப்பும் திருகும் கருவியும் சேர்ந்த கிட்டாகக் கிடைக்கும், மதுரையில் டூல்ஸ் கடைகளில் கேளுங்கள். கிட்டோடு கொடுக்கிற டிரில் அளவில் ஓட்டை போட்டு, அந்த டேப்பை ஓட்டி, சுருளைத் திருகி உள்ளே இறக்கினால் பழைய 12 மி.மீ. போல்ட்டே மறுபடி பொருந்தும். சுருளின் வெளிநுனி கேஸ் முகத்துக்குக் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று உள்ளே இருக்க வேண்டும், துருத்திக்கொண்டிருந்தால் வாஷர் படியாது. சுருளின் உள்நுனியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும், திருகி முடித்ததும் அதை உடைக்க வேண்டும். சுத்தியால் தட்டி உடைத்தால் அது என்ஜினுக்குள்ளே போய் விழும், ஸ்டெயின்லெஸ் என்பதால் காந்தம் விட்டாலும் சரியாக ஒட்டாது. நீண்ட மூக்கு பிளையரால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்து உடைத்து, பிடித்த பிடியிலேயே வெளியே எடுத்துவிடுங்கள்.

எனக்கு இதையெல்லாம் விடப் பிடித்தது லேத்தில் கடைந்த புஷ்தான். வெளியே 16 அல்லது 18 மி.மீ. மரை, உள்ளே 12 மி.மீ. மரை உள்ள இரும்புப் புஷ். ஓட்டையைச் சுற்றி இருக்கிற திண்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் அளக்க வேண்டும், புஷ்ஷுக்கு வெளியே எல்லாப் பக்கமும் மூன்று மி.மீ. அலுமினியமாவது மிஞ்ச வேண்டும். மரையில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் தின்னர் போட்டுக் கழுவிக் காயவைத்து, சூடு தாங்கும் லாக்கிங் பசை தடவித் திருகி, ஒரு நாள் விட்டுவிட வேண்டும். புஷ்ஷின் முகம் கேஸ் முகத்துக்கு ஒரு மயிரிழை உள்ளே இருக்கட்டும், அப்போதுதான் வாஷர் கேஸின் மேல் முழுசாக உட்காரும். ஹெலிகாயிலும் நல்ல வேலைதான், ஆனால் வருஷத்துக்கு ஏழெட்டு முறை கழற்றிப் பூட்டுகிற போல்ட் இது, சுருள் சில சமயம் போல்ட்டோடு சேர்ந்து சுற்றி வந்துவிடும். பசையில் பிடித்த புஷ் அப்படி லேசில் வராது. கம்பத்தில் ஒரு நல்ல லேத் பட்டறைக்காரரிடம் போல்ட்டைக் கொடுத்தால் கடைந்து தந்துவிடுவார்.

எந்த வழியில் போனாலும் ஒன்றில் மட்டும் நான் பிடிவாதக்காரன்: அலுமினியத் துருவல். பல வருஷம் முன்பு என்னிடம் ஒரு வண்டி வந்தது, வேறொரு பட்டறையில் இதே ஓட்டைக்கு டேப் போட்டு வாங்கிப்போன வண்டி. மரை அருமையாக இருந்தது, ஒரு சொட்டுக் கசியவில்லை. ஆனால் துருவலை எடுக்காமல் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். அது ஆயில் பம்பைக் கீறி, மேலே கேம் ஷாஃப்ட் உட்காருகிற இடத்தை அரம் போட்டது மாதிரி ஆக்கியிருந்தது. ஓட்டையை அடைத்த வேலைக்காக மேல் என்ஜினையே பிரிக்க வேண்டியதாயிற்று. வண்டிக்காரர் கண் கலங்கி நின்றது இன்னும் மறக்கவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வண்டியைச் சமதரையில் ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் உறுதியாகக் கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். ஓட்டை கீழே பார்த்திருக்கட்டும், துருவலில் பெரும்பகுதி தானாகக் கீழே விழும். டிரில், டேப் ரெண்டின் பள்ளங்களிலும் கெட்டியான கிரீஸை அப்பிக்கொள்ளுங்கள், துருவல் அதில் ஒட்டிக்கொள்ளும். டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஓட்டி, ரெண்டு மூன்று சுற்றுக்கு ஒரு முறை முழுசாக வெளியே எடுத்துத் துடைத்து, புது கிரீஸ் தடவி மறுபடி விடுங்கள். எல்லாம் முடிந்ததும் போல்ட்டைப் போடாமல், மேலே ஆயில் ஊற்றுகிற வழியில் அரை லிட்டர் சுத்தமான விலை குறைந்த ஆயிலை ஊற்றுங்கள். கீழே வெள்ளைத் துணி விரித்த ஏனத்தில் பிடித்து, துணியில் மினுமினுப்பு இல்லாமல் வருகிற வரைக்கும் இதைத் திரும்பச் செய்யுங்கள். ஆயில் சல்லடையையும் கழற்றிக் கழுவிவிடுங்கள். அப்புறம் புது வாஷர், புது ஆயில். நாலைந்து மணி நேரம் வண்டி ஓடியதும் அந்த ஆயிலையும் இறக்கிவிட்டு மாற்றுங்கள். வீண் செலவு என்று முதலாளி நினைக்கலாம், இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

பூட்டியதும் ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, ராத்திரி அடியில் ஒரு அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தால் உரம் ஏற்றலாம்.

கேள்வி: ஆனச்சால் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஏ.டி.வி. ஓட்டிக் காட்டுகிற வேலை, ஊர் போடி. எங்கள் வண்டியில் மரை நன்றாகத்தான் இருக்கிறது போல, ஆனால் போல்ட் தலை உருண்டுவிட்டது, ஸ்பானர் வழுக்குகிறது. அடித்தகடு வேறு மறைக்கிறது. ஒரு சொட்டும் கசியவில்லை, ஆனால் ஆயிலை எப்படி இறக்குவது?
— போடி வாசகர்

பதில்: உங்கள் நிலைமை முந்தின தம்பியுடையதை விட நல்லது, ஏனென்றால் கேஸுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. அதை அப்படியே வைத்திருப்பதுதான் இனி நம் வேலை.

அடித்தகட்டை முதலில் கழற்றுங்கள். அதிலுள்ள சின்ன ஓட்டை வழியாகவே வேலையை முடிக்கலாம் என்று ஸ்பானரைச் சாய்த்துப் பிடிப்பதில்தான் பாதித் தலைகள் உருளுகின்றன. கல்லில் மோதி மோதியும் தலை மழுங்கியிருக்கும், ஆறு முனைக்குள் மண் கல்லாகப் படிந்திருக்கும். கம்பித் தூரிகையால் சுரண்டி, தண்ணீர் அடித்து, வெறும் இரும்பு தெரிகிற வரை சுத்தம் பண்ணுங்கள்.

அடுத்து, கேட்டால் கோபப்படாதீர்கள், எந்தப் பக்கம் திருப்பினீர்கள்? வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, தலைக்கு மேலே கையை நீட்டித் திருப்பும்போது வலது இடது மாறிவிடும். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போல்ட்டின் தலை உங்கள் முகத்தைப் பார்க்கிற மாதிரி நினைத்துக்கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். சாக்பீஸால் தகட்டில் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

கருவியையும் மாற்ற வேண்டும். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பானர், ஓப்பன் ஸ்பானர் ரெண்டையும் ஓரம் வையுங்கள், அவை மூலைகளை மட்டும்தான் பிடிக்கும். ஆறு முனை சாக்கெட் பக்கங்களைப் பிடிக்கும். அதுவும் வழுக்கினால் ஒரு அளவு சின்ன ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியால் தட்டித் தலையில் ஏற்றுங்கள், தலை 17 என்றால் 16. ஏறவில்லை என்றால் அரத்தால் எதிரெதிர் பக்கங்களைச் சமமாக ராவி 15 அல்லது 14க்குப் பொருந்துகிற மாதிரி ஆக்கிக்கொள்ளலாம். கடித்துப் பூட்டிக்கொள்கிற வைஸ் கிரிப் பிளையர் நல்ல பிடிமானம் தரும், ஆனால் தலை தட்டையாக இருந்தால் கடிக்க இடம் போதாது.

இதற்கெல்லாம் முன்னால் என்ஜினைக் கொஞ்சம் சூடாக்குங்கள். உங்கள் வண்டியில் போல்ட் இறுக்கமாக இருக்கிறது, கசிவில்லை, அதனால் ஐந்து நிமிஷம் ஓடவிடலாம். அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஓட்டை விரிந்து போல்ட்டை விட்டுக்கொடுக்கும். ஆனால் கை பொறுக்கிற சூடு போதும். கொதிக்கிற ஆயில் முழங்கை வழியாக வழிந்தால் தோல் உரிந்துவிடும், முழுக்கை உறை போட்டுக்கொள்ளுங்கள். கேஸ் டார்ச், ஊதுகுழல் மாதிரி தீயைக் காட்டவே காட்டாதீர்கள், பக்கத்தில் பெட்ரோல் குழாய் போகிறது.

இத்தனைக்கும் மசியாவிட்டால் உளி. தலையின் ஓரத்தில் உளியால் செங்குத்தாக ஒரு வெட்டுப் பள்ளம் போட்டு, பிறகு உளியைச் சாய்த்து, கழல்கிற பக்கமாகச் சின்னச் சின்ன அடியாக அடியுங்கள். ஓங்கி ஒரே அடி அடித்தால் போல்ட் வருவதற்கு முன் கேஸ் விரியும். ஒரு நட்டைத் தலையில் வைத்து வெல்டிங் அடித்து, அந்த நட்டைப் பிடித்துத் திருப்புவது இன்னும் நிச்சயமான வழி, வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் பேட்டரி ஒயர் ரெண்டையும் கழற்றிவிட்டு, பெட்ரோல் டேங்கை இறக்கி வைத்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் துடைத்துவிட்டு, பழகிய வெல்டர் கையில் மட்டும் கொடுங்கள். சில வண்டிகளில் வெளியே அறுகோணம் இல்லாமல் உள்ளே ஆலன் சாவி போடுகிற பள்ளம் இருக்கும். அது உருண்டிருந்தால் அதைவிட ஒரு நூல் பெரிதான, நட்சத்திர முனையுள்ள டார்க்ஸ் பிட்டைத் தட்டி இறக்கித் திருப்புங்கள்.

வெளியே வந்த போல்ட்டை மறுபடி போடாதீர்கள். ரெண்டு புதுப் போல்ட்டும் நாலைந்து வாஷரும் வாங்கி ஆபீஸ் டிராயரில் வைத்துவிட்டால், சீசன் நேரத்தில் ஒரு வண்டி நின்றுபோகாது.

கேள்வி: மரை லேசாகத்தான் போயிருக்கிறது. குழாய்க்குச் சுற்றுகிற டெஃப்லான் டேப்பைச் சுற்றிப் பூட்டினால் நிற்காதா? இல்லையென்றால் எம்-சீல்?
— தேவாரம் வாசகர்

பதில்: நிற்கிற மாதிரி தெரியும், அதுதான் ஆபத்து. டெஃப்லான் வழுக்குகிற சாமான், அதைச் சுற்றினால் அதே பலத்துக்கு போல்ட் இன்னும் உள்ளே ஏறும், மிச்ச மரையும் போகும். பிய்ந்த துண்டு உள்ளே போய் ஆயில் சல்லடையில் ஒட்டிக்கொண்டால் பம்புக்கு ஆயில் போகாது. எம்-சீல் மாதிரி பசைகள் எண்ணெய்ப் பிசுக்குள்ள இடத்தில் சரியாகப் பிடிக்காது, பிடித்தாலும் அடுத்த முறை ஆயில் இறக்க வழியே இருக்காது. வழியில் ஓட்டை திறந்துகொண்டால் ரப்பர் கார்க் அடித்து, வண்டியை வேறொரு வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவதற்கு மட்டும் அதையெல்லாம் நினையுங்கள். அதேபோல் தானே மரை வெட்டிக்கொண்டு ஏறுகிற கொஞ்சம் பெரிய போல்ட் என்று ஒன்று விற்கிறார்கள், அதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். கோணலாக ஏறிவிட்டால் கேஸ் விரிசல் விடும், வெட்டுகிற துருவல் முழுவதும் உள்ளேதான் போகும்.

கேள்வி: போல்ட்டைத் தொடாமலே, ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக் ஓட்டை வழியாக ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டால் என்ன?
— வண்டன்மேடு வாசகர்

பதில்: எடுக்கலாம். மெல்லிய குழாயும் உறிஞ்சுகிற பம்பும் இருந்தால், சூடான ஆயில் நன்றாகவே வரும். ஏலக்காய் எடுப்பு நடக்கிற நேரத்தில் வண்டியை நிறுத்த முடியாது என்றால், போல்ட் கசியாமல் இருக்கிற வரைக்கும் ஒரு முறை இப்படிச் சமாளியுங்கள். ஆனால் அடியில் படிகிற கசடும் இரும்புப் பொடியும் குழாயில் ஏறாது, கீழ் ஓட்டையைத் திறந்தால்தான் அவை வெளியேறும். அதனால் எடுப்பு முடிந்ததும் போல்ட்டைப் பாருங்கள்.

கேள்வி: ஏ.டி.வி.யைக் கம்பத்து லேத்துக்குக் கொண்டுவர, மெட்டு ரோட்டில் மெதுவாக ஓட்டியே இறக்கிவிடலாமா? ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது.
— புளியமலை வாசகர்

பதில்: வேண்டாம். பதிவு எண் இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவது 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி தவறு, எல்லையின் ரெண்டு பக்கமும் அதே சட்டம்தான். அதைவிட எனக்குக் கவலை, கொண்டை ஊசி வளைவில் நீங்கள் சொட்டிவிட்டுப் போகிற ஆயில். விடிகாலையில் கீழேயிருந்து தோட்டத்து வேலைக்கு ஆள் ஏற்றி வருகிற ஜீப்புகள் வரிசையாக ஏறும், பின்னால் பைக்கில் வருகிறவர்கள் இருப்பார்கள். ஈர ரோட்டில் ஆயில் பட்டால் பைக் டயர் நிற்காது. ஒரு பிக்கப்பில் ஏற்றி, நாலு மூலையும் கட்டி, அடியில் பழைய சாக்கு விரித்து இறக்குங்கள்.

கேள்வி: இறக்கிய பழைய ஆயிலை எங்கே ஊற்றுவது? இங்கே ஓடையில்தான் ஊற்றுகிறார்கள். சிலர் வேலிக் கம்பத்துக்குக் கரையான் பிடிக்காமல் இருக்கப் பூசுகிறார்கள்.
— நெடுங்கண்டம் வாசகர்

பதில்: நீங்கள் இதைக் கேட்டதற்கு நன்றி. ஓடையில் ஊற்றாதீர்கள், யார் சொன்னாலும் ஊற்றாதீர்கள். பழைய ஆயிலில் என்ஜின் தேய்ந்த உலோகப் பொடியும் எரிந்த கழிவும் கலந்திருக்கும். 2016ஆம் வருஷத்து அபாயக் கழிவு விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் அடக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை, 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிய தண்ணீரில்தான் நம் வயல் விளைகிறது. உங்கள் தோட்டத்து ஓடை கிழக்கே இறங்கினாலும் மேற்கே இறங்கினாலும் கீழே யாரோ அதைக் குடிக்கிறார்கள். வேலிக்குப் பூசினாலும் மழையில் கரைந்து அதே ஓடைக்குத்தான் வரும், ஏலச்செடி வேர் மேலோட்டமாக இருப்பது, அதற்கும் நல்லதில்லை.

காலி ஆயில் கேனிலேயே திருப்பி ஊற்றி, மூடி போட்டு, மேலே 'பழைய ஆயில்' என்று எழுதி வையுங்கள். அதில் தண்ணீர், பெட்ரோல், தின்னர் எதையும் கலக்காதீர்கள், கலந்தால் திரும்பச் சுத்திகரிக்க எடுக்கமாட்டார்கள். முதல் பதிலில் சொன்ன, துருவல் கழுவிய ஆயிலைத் துணியில் வடிகட்டி இதோடு சேர்க்கலாம். நாலைந்து கேன் சேர்ந்ததும் கீழே இறங்குகிற ஜீப்பில் போட்டுவிட்டால், பழைய ஆயில் சேகரித்து அனுமதி பெற்ற நிறுவனத்துக்குக் கொடுக்கிற பெரிய சர்வீஸ் சென்டர்களில் வாங்கிக்கொள்வார்கள். கொண்டுபோவதற்கு முன் போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள், கேன் சாயாமல் நிமிர்த்திக் கட்டுங்கள்.